சூடானால்தான் பிடிக்கும்

“இதைப் பார்த்தா பிரேக் பேட் மாதிரியா சார் இருக்கு?” என்று கேட்டார் மெக்கானிக்.

அவர் கையில் இருந்தது கறுத்துப்போன ஓர் இரும்புத் தகடு. அதன்மேல் விரல் கனத்துக்கு ஒட்டியிருக்க வேண்டிய சமாசாரம் முழுவதும் தேய்ந்து, சவரம் செய்த மோவாய் போல வழவழவென்று இருந்தது.

“எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் பிரேக் பேடை இப்பத்தான் முதல்முதலா பார்க்கறேன்,” என்றார் நிதானம்.

நிதானம் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. மனைவி வீட்டார் வைத்தது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய மனிதர், அவர்கள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகு காரிலிருந்து இறங்கினார். “வழியில ஏதாவது ரிப்பேரா?” என்று மாமனார் பதற, “இல்லைங்க, நிதானமா வந்தேன்,” என்றார். அன்றோடு மச்சான் அந்தப் பேரைச் சூட்டிவிட்டான்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் விபத்துப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்து, எது எதன்மேல் ஏறியது, ஏன் ஏறியது என்று எழுதுகிறவர். எழுதி முடித்துவிட்டு அதே ஊர்ச் சாலையில் வண்டி ஓட்டி வீட்டுக்கு வர வேண்டும் என்றால் வேகம் எங்கிருந்து வரும்?

அப்பேர்ப்பட்டவர் கையில் இப்பேர்ப்பட்ட கார் வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. ரத்தச் சிவப்பு நிறம். இரண்டே கதவு. உள்ளே உட்காருவதற்குக் கிட்டத்தட்டப் படுக்க வேண்டும். கிளப்பினால் தெருநாய்கள் எழுந்து நிற்கும். மச்சான் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய பந்தய ரகக் கார் அது. அவனுக்குக் குழந்தை பிறந்ததும் அவன் மனைவி, “ஒண்ணு அந்தக் கார் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்,” என்று சொல்லிவிட்டாள். அவன் உடனே பதில் சொல்லாததில் அவள் அவனோடு பேசுவதையே நிறுத்திய பிறகுதான் முடிவு பிறந்தது. வெளியாளுக்கு விற்க மனம் வராமல், “அத்தான்கிட்ட இருந்தா ஒரு கீறல் விழாது,” என்று அக்காள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும் என்று கேள்விப்பட்ட நிதானமும், தொல்லை குறைச்சல்தானே என்று வாங்கிக்கொண்டார்.

“மறைக்காம சொல்லுங்க சார். இதை எங்க ஓட்டுறீங்க?” என்றார் மெக்கானிக்.

“ஆபீசுக்கு.”

“ம்ம். அப்புறம்?”

“காய்கறி வாங்க.”

மெக்கானிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார். “என்கிட்ட இந்த மாதிரி வண்டி கொண்டுவர்ற எல்லாருமே காய்கறி வாங்கத்தான் சார் போறாங்க. ஆனா பேட் பொய் சொல்லாது. அது உரசற டிஸ்க்கைப் பாருங்க, சூட்டுல நீலம் பாரிச்சிருக்கு. இதெல்லாம் ரேஸ்காரங்க வண்டியில மட்டும்தான் பார்த்திருக்கேன்.”

நிதானம் மறுப்பதற்காக வாயைத் திறந்தார். பட்டறையில் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. திறந்த வாய் தானாக வேறொன்றைச் சொல்லிற்று.

“கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்,” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் வந்தது எல்லா வினையும்.

புது பேட் மாட்டிக் காரை வீட்டில் கொண்டுவந்து விட்ட மெக்கானிக், சாவியை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். “அம்மா, சாரைக் கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க,” என்றார்.

அவள் முதலில் விழித்தாள். பிறகு சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து பழைய பேடை எடுத்து நீட்டி விளக்கியதும்தான் சிரிப்பு நின்றது.

சாயங்காலம் நிதானம் வந்தபோது சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அந்தத் தகடு உட்கார்ந்திருந்தது.

“பக்கத்துத் தெரு டைப்பிஸ்ட் உங்க ஆபீஸ்தானே?” என்று ஆரம்பித்தாள்.

“ஆமா.”

“நீங்க கிளம்பற அதே நேரத்துக்குத்தான் கிளம்பறாங்க. பஸ் பிடிச்சு வந்து, துணி துவைச்சுக் காயப்போட்டு, சமையலும் முடிச்சப்புறம்தான் நீங்க வந்து சேர்றீங்க. மெதுவா ஓட்டறதால லேட்டுன்னு இத்தனை நாளா நினைச்சேன். பிரேக் உருகற அளவுக்குப் பறந்து வர்றவருக்கு மிச்ச நேரம் எங்கங்க போகுது?”

நிதானம் கையில் எடுத்த தண்ணீர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். மெதுவாகத்தான் ஓட்டுகிறேன் என்றால், எதிரே தகடு. வேகமாக ஓட்டுகிறேன் என்றால், மிச்ச நேரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இப்படி முன்னுக்குப் பின் முரணாக எழுதி இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வருகிறவர்களில் ஆபீசில் அவர் எத்தனையோ பேரைக் கிடுக்கியில் பிடித்திருக்கிறார். கிடுக்கி இவ்வளவு வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஊருக்கு வெளியே புது ரோடு போட்டிருக்காங்கல்ல... அங்க போய்க் கொஞ்சம் ஓட்டிட்டு வருவேன்,” என்றார்.

“யார்கூட?”

“தனியாத்தான்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பது அவள் முடிவு. அதனால் நம்பிவிட்டாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலை இல்ல?” என்றாள். “தலைக்கு ஹெல்மெட்டாவது போட்டுக்கிட்டீங்களா?”

அன்று ராத்திரி அவருக்கு அப்பளம்கூடக் கேட்காமலே இரண்டாவது தடவை வந்தது. விடிந்ததும் விஷயம் அவள் தம்பி காதுக்குப் போயிற்று.

“அத்தான்!” என்று போனில் அலறினான் மச்சான். வழக்கமாக அவன், “என்ன அத்தான், கிளம்பிட்டீங்களா, இல்ல அடுத்த மாசமா?” என்றுதான் ஆரம்பிப்பான். “அதே ரக பேட் என் கையில ரெண்டு வருஷம் வந்துச்சு, உங்களுக்குக் கொடுக்கும்போதுதான் புதுசு மாட்டினேன். நான் ஓட்டாத ஓட்டா? உங்க கையில ரெண்டு மாசம் தாங்கலையாமே! இத்தனை நாளா எங்களையெல்லாம் முட்டாளாக்கிட்டு இருந்திருக்கீங்களே!”

“அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்ல மச்சான்,” என்றார் நிதானம். அவர் அதை உண்மையாகத்தான் சொன்னார். அவனுக்கு அது அடக்கமாகக் கேட்டது.

அடுத்த சில வாரங்களில் புது பேடும் கிறீச்சிட ஆரம்பித்தது. கூடவே ஒரு தீய்ந்த வாடை. போதாக்குறைக்கு பிரேக்கை மிதித்தால் தலையணையை மிதிக்கிற மாதிரி கால் உள்ளே போயிற்று.

மெக்கானிக் பார்த்துவிட்டுத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். “பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு சார். கொதிச்சிருக்கு! அந்த ஆயில் போற ரப்பர் ஹோஸ் ரெண்டும் வீங்கிப்போச்சு. இனிமே சாதா சாமான் உங்க காலுக்குத் தாங்காது. நான் சொல்ற கடைக்குப் போங்க.”

அந்தக் கடை நகைக்கடை மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு, சிவப்பிலும் மஞ்சளிலும் பேடுகளை அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.

“ரேஸ் டிராக்கா, மலைப்பாதையா?” என்றார்.

“ரெண்டும் இல்லைங்க.”

கடைக்காரர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தெருவுலயேவா?”

“ஆமாங்க. தெருவுலதான் ஓட்டறேன்.”

“போதும் சார். நான் எதுவும் கேக்கலை, நீங்க எதுவும் சொல்லலை.”

உள்ளே போய் ஒரு ஜோடி ஹோஸைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மேலே வெள்ளி ஜடை போல எஃகுக் கம்பிப் பின்னல். “இதைப் பாம்பு கடிச்சா பாம்புக்குத்தான் பல்லு போகும். வீங்கறதுங்கற பேச்சே கிடையாது. உங்க கால் நினைக்கறது அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.”

“இதைவிடக் கொஞ்சம் சாதுவா...”

“பேட் இது,” என்று அடுத்த பெட்டியைத் திறந்தார் கடைக்காரர். “இதுக்கு ஒரு குணம் உண்டு. ஆறிக் கிடந்தா பிடிக்காது. சூடானாத்தான் பிடிக்கும். அதனால கண்ட ஆளுக்கு நான் இதைக் கொடுக்கறதில்லை. ஆபீசுக்குப் போயிட்டு வர்ற ஆளு இதை மாட்டினான்னா, நேரா சுவத்துல போய்த்தான் நிப்பான்.”

“நான் ஆபீசுக்குத்தாங்க போறேன்!”

கடைக்காரர் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “உங்களை மாதிரி பெரிய ஆளுங்க எல்லாருக்குமே இந்தத் தமாஷ் இருக்கு சார்.”

நிதானம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வரும்போது அவருக்கே ஒரு சந்தேகம் தட்டியது. பேட் சொல்கிறது, டிஸ்க் சொல்கிறது, ஆயில் கொதித்துச் சொல்கிறது. விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே வாக்காகச் சொல்கிறார்கள். ஒருவேளை தனக்குத் தெரியாமலே தான் வேகமாகத்தான் ஓட்டுகிறோமோ? அன்று ஆபீசில், கடைசியாக வந்த ஒரு கேஸில், ‘அதிவேகம்’ என்று எழுதும்போது பேனா கொஞ்சம் மரியாதையாக நகர்ந்தது.

சாமான்களை மாட்டி முடித்த மெக்கானிக் சோதித்துப் பார்ப்பதற்காகக் காரை வெளியே எடுத்தார். எடுத்தவர் நிறுத்த முடியாமல், வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்குள் புகுந்து, இறங்கி வந்தபோது கழுத்தில் ஒரு டயர் இருந்தது.

“பிடிக்கவே இல்லையே சார்! இதை எப்படித்தான் ஓட்டுவீங்களோ!”

நிதானம் பயந்துகொண்டேதான் ஏறினார். ஆனால் இரண்டாவது திருப்பத்துக்குள் பிரேக் அப்படியே அவர் வசமாயிற்று. மிதித்தால் கோடு கிழித்த மாதிரி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஓடி வந்தான். “ஒரே ஒரு ரவுண்டு அத்தான்,” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனவன், தெருமுனையில் திரும்பி வரும்போது நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், எதிர்வீட்டுத் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, கண்ணாடிமேல் ஒரு படுக்கை விரிப்போடு புதருக்குள் போய் நின்றான்.

“பிரேக்கே இல்லை அத்தான்!”

“எனக்குப் பிடிக்குதே,” என்றார் நிதானம். விரிப்பை மடித்து எதிர்வீட்டு அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிட்டு, காரை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாசற்படிக்கு நேராகப் பூப்போல நிறுத்தினார்.

மச்சான் குனிந்து சக்கரத்தைத் தொட்டுவிட்டு, “ஆ!” என்று விரலை வாயில் வைத்துக்கொண்டான். விரலை எடுக்காமலே அவரைப் பார்த்தான். “ஒரே ரவுண்டுல இவ்வளவு சூடா? அத்தான், நீங்க மனுஷன் இல்ல. புயல்!”

அன்றோடு மனைவி வீட்டில் நிதானம் என்ற பேர் போய், புயல் என்ற பேர் வந்தது. மாமியார்கூடத் தொலைபேசியில், “புயல் சாப்பிட்டாச்சா?” என்று விசாரித்தாள்.

மனைவிக்கு மட்டும் அந்தப் பேர் பிடிக்கவில்லை. ஆபீசிலிருந்து அவர் வருகிற நேரத்துக்கு வாசலிலேயே நின்றாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஒரு நாள் அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்த நிதானத்துக்கு மனசு கேட்கவில்லை. புயலாக இருந்தது போதும், உண்மையைக் காட்டிவிடுவோம் என்று தீர்மானித்தார்.

“வா, என்கூட உட்கார். நான் எப்படி ஓட்டறேன்னு நீயே பாரு,” என்று அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எப்போதும் போலவே ஓட்டினார். குப்பைவண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று.

“நான் பக்கத்துல இருக்கேன்னு நடிக்க வேண்டாம்,” என்றாள் அவள்.

“நடிக்கலை. இதான் என் வேகம்.”

“யாராவது நம்புவாங்களா?” என்று திரும்பிக்கொண்டவள், வண்டி போன போக்கில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். வீட்டு வாசலில் எழுந்தபோது தீய்ந்த வாடை குப்பென்று அடித்தது. முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை.

“பார்த்தீங்களா!” என்று மார்பில் கைவைத்துக்கொண்டாள். “நான் கொஞ்சம் கண் அசந்த நேரத்துக்குள்ள எங்கயோ பறந்துட்டு வந்திருக்கீங்க! என்னை உள்ள வெச்சுக்கிட்டே!”

நிதானம் அதன்பிறகு உண்மையைச் சொல்லும் முயற்சியைக் கைவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து நின்றான். “அத்தான், என் கண்ணால பார்க்கணும். அந்தப் புது ரோட்டுல ஒரே ஒரு தடவை. இதுக்கு மேல நான் உங்களை எதுவும் கேட்க மாட்டேன்.”

“அவர் எதுக்காக உயிரைக் கொடுக்கிறார்னு நானும் பார்க்கறேன்,” என்று மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மச்சான் பின்னால் நுழைந்தான். அந்தக் காரில் பின்சீட்டு என்பது பேருக்குத்தான். முழங்கால் மோவாயில் இடிக்க, முன்சீட்டின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாமல் மடங்கிக்கொண்டான்.

நிதானம் சாவியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கிப்போய், “நான் சாதாரண ஆள்தான்,” என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். கண்ணாடியில் மச்சானின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. எத்தனையோ வருஷம் தன்னைக் கேலி செய்த கண். இப்போது அதில் அப்படி ஒரு பக்தி. அந்தக் கண்ணை ஏமாற்றமடையச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

பாலத்தைத் தாண்டிப் புது ரோட்டில் இறங்கியதும், “பிடிச்சுக்குங்க,” என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினார்.

எஞ்சின் கர்ஜித்தது. கார் முழுவதும் நடுங்கியது. மனைவி இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். “ஐயோ, மெதுவாங்க! ஐயோ, குழந்தை குட்டிங்க குறுக்க வரப்போகுது!” பின்னாலிருந்து மச்சான், “என்னா சத்தம் அத்தான்! என்னா சத்தம்!” என்று கூவினான். தீய்ந்த வாடை காருக்குள் நிறைந்தது. நிதானம் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலைமுதல் கால்வரை விறைத்துப்போய், நேரே ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வேகமானியைப் பார்க்கத் துணிவு வரவில்லை. பயத்துக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. இதற்காகத்தான் ஊரில் இத்தனை பேர் வண்டியை நசுக்கிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பின்னால் சைரன் ஒலித்தது.

டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து பக்கவாட்டில் கையைக் காட்டினார். நிதானம் ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். சக்கரங்களிலிருந்து புகை சுருள் சுருளாக எழுந்தது.

“எத்தனை பேரை இடிச்சீங்க?” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

மச்சான் முன்சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே தலையை மட்டும் வெளியே நீட்டினான். “சார், சார், பெரிய மனசு பண்ணுங்க. அவர் சாதாரண டிரைவர் இல்ல. எங்க குடும்பத்துக்கே புயல் சார் அவர். ரோட்டைப் பார்த்தா கை சும்மா இருக்காது. இந்த ஒரு தடவை விட்டுருங்க!”

“இனிமே ஓட்ட மாட்டாருங்க, நான் பொறுப்பு,” என்று மனைவி கைகூப்பினாள்.

நிதானம் கையை உயர்த்தி இருவரையும் அடக்கினார். மற்றவர்களுடைய வேகத்தைப் பற்றியே எழுதி எழுதிப் பாதி ஆயுள் போயிருந்தது. இன்று தன்னைப் பற்றி ஒருவர் எழுதப்போகிறார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீங்க உங்க கடமையைச் செய்யுங்க சார்,” என்றார் கம்பீரமாக. “போன வேகம் என்னன்னு மட்டும் இவங்க ரெண்டு பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடுங்க.”

போலீஸ்காரர் புகையைப் பார்த்தார். கைகூப்பிய மனைவியையும், வெளியே நீட்டிய தலையையும் பார்த்தார். ஜன்னல் வழியாகக் குனிந்து நிதானத்தின் கால் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“எந்த வேகம் சார்? பாலத்துலேர்ந்து உங்க பின்னாடிதான் வர்றேன், பிரேக் லைட் ஒரு தடவைகூட அணையல. வலது கால்ல ஓட்டும்போது அந்த இடது காலைக் கொஞ்சம் பிரேக்கிலேர்ந்து எடுத்து வைங்க, வண்டி தானா ஓடும்.”